எனக்கு மட்டும் நன்றாகக் கேட்ட ஹெட்போன்

வேலையை விட்டு வந்த புதிதில் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். முன்னறையில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, யாரும் கூப்பிடாமல், பாட்டுக் கேட்க வேண்டும்.

மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், தகட்டை வெட்டி வளைக்கும் பிரஸ் ஷாப்பில், மீசை அரும்பிய வயதில் சேர்ந்து நரையோடு வெளியே வந்தவன் நான். விருப்ப ஓய்வு என்று பெயர். யாருடைய விருப்பம் என்று என்னை யாரும் கேட்கவில்லை. என் மனைவி கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளியில் ஆசிரியை. சர்ச் கொயரில் ஆல்டோ என்கிற பெண்களின் தாழ்குரல் பாகத்தைப் பாடுகிறவள். மகள் பெங்களூரில் வேலையில் இருக்கிறாள். பகலில் வீடு முழுக்க எனக்குத்தான்.

அந்த ஓய்வுக்கு நானே எனக்கு வாங்கிக்கொடுத்த பரிசு ஒரு பிளேனர் ஹெட்போன். சாதாரண ஹெட்போனுக்குள் ஒரு சின்னக் கூம்பு அதிர்ந்து ஒலி எழுப்பும். இதில் கூம்பு கிடையாது. பாலிதீன் பையை விட மெல்லிய ஒரு படலம், அதன் இரண்டு பக்கமும் காந்தப் பட்டைகள். மின்சாரம் பாயும்போது படலம் முழுவதும் ஒரே சீராக அசையும். முன்பெல்லாம் பெரிய பணக்காரர்களின் அலமாரியில் இருந்த பொருள். இப்போது சீனாவிலிருந்து நம்மைப் போன்றவர்கள் கைக்கு எட்டுகிற மாதிரியும் வருகிறது. மலிவுப் பதிப்பில் எதைக் குறைத்திருக்கிறார்கள் என்பது அதைத் தலையில் மாட்டியவுடன் தெரிந்துவிட்டது. காந்தங்களின் பாரம் முழுவதும் உச்சந்தலையில் ஒரே இடத்தில் இறங்கியது, யாரோ கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருப்பது போல. இரண்டு பக்கமும் கன்னத்து எலும்பை நெரித்தது. காதுக் குஷன் அவ்வளவு மெலிசு, காது மடல் உள்ளே இருக்கும் சல்லடையில் போய் இடித்தது. ஒரு பாட்டு முடிவதற்குள் கழற்றி வைத்தேன்.

எனக்கு வருத்தம் இல்லை. சொல்லப் போனால் சந்தோஷம். தகடு என்ன சொன்னால் வளையும், எங்கே அழுத்தினால் முறியும் என்பதில்தான் என் ஆயுள் போயிருந்தது. தலைப்பட்டையின் எஃகை, மனைவியின் அகராதிகளை அடுக்கி அதன் மேல் விரித்து மாட்டி, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினேன். தாம்பரம் மார்க்கெட்டில் செருப்பும் பையும் தைக்கும் கடையில் மெல்லிய தோல் பட்டை ஒன்றை வெட்டி வாங்கி, எஃகுக்குக் கீழே தொட்டில் போலத் தொங்கவிட்டேன். பாரம் தலை முழுக்கப் பரவியது. தடித்த குஷன் வாங்கி, பின்பக்கம் உயரமாகவும் முன்பக்கம் தாழ்வாகவும் இருக்கும்படி உள்ளே பஞ்சு சேர்த்துத் தைத்தேன். அதற்குப் பிறகு மாட்டியிருப்பதே தெரியவில்லை. மத்தியானம் மாட்டினால் மனைவி பள்ளியிலிருந்து வந்து தோளைத் தொடும்வரை அப்படியே உட்கார்ந்திருப்பேன்.

சுகம் சரியாகிவிட்டது. ஒலிதான் சரியில்லை என்று பட்டது.

போர்வைக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி இருந்தது. ஜால்ரா தட்டுவது தெரியும், அதன் சிலிர்ப்பு தெரியாது. பாடகி மூச்சு வாங்குவது பதிவில் இருக்கிறது என்று எல்லாரும் எழுதுகிறார்கள், எனக்கு அது வரவேயில்லை. மலிவு ஹெட்போன், அடைத்து வைத்திருக்கிறான் என்று முடிவு கட்டினேன். இப்படிப்பட்ட ஹெட்போன்களைத் திறந்து மாற்றி அமைக்கிற ஆட்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்திருந்தேன். பெரும்பாலும் ஓ.எம்.ஆர். பக்கம் ஐ.டி.யில் வேலை பார்க்கும் இளைஞர்கள். அவர்கள் எழுதியதைப் படித்துக்கொண்டு பிரிக்க ஆரம்பித்தேன்.

முதலில் பின்பக்கச் சல்லடைக்குள் ஒட்டியிருந்த நுரைப் பஞ்சை எடுத்தேன். திறந்துகொண்டது போல இருந்தது. பிறகு படலத்துக்கு முன்னால் ஒட்டியிருந்த ஃபெல்ட் துணியை எடுத்தேன். கைக்குப் பக்கத்தில் இரும்புத் தூள் எதுவும் இருக்கக் கூடாது, காந்தம் இழுத்துப் படலத்தில் ஒட்டிக்கொண்டால் எல்லாம் முடிந்தது. அதற்காக மேசையை ஈரத் துணியால் துடைத்துவிட்டுத்தான் உட்காருவேன். குஷனின் உள்பக்கத் தோலை ஊசியால் துளைத்துப் பார்த்தேன். செல்போனில் மேல் ஸ்தாயிக்கான ட்ரெபிளைக் கூட்டினேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வெளிச்சம் கூடியது. ஒரு நாள் பழைய கீர்த்தனைப் பதிவு ஒன்றில், வயலின் வில் கம்பியில் உரசும் அந்தச் சரசரப்பு கேட்டது. சின்ன வயதில் கேட்டது அது. கண் கலங்கிவிட்டது எனக்கு.

மனைவியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். மாட்டிக்கொண்டாள். உடனே கையைத் தூக்கி இரண்டு பக்கமும் காதிலிருந்து கொஞ்சம் விலக்கிப் பிடித்தபடி கேட்டாள். பிறகு கழற்றிக் கொடுத்தாள்.

"எப்படி?"

"தலையில பாரமே தெரியல. நல்லா பண்ணியிருக்கீங்க."

"சத்தம் எப்படி?"

"உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

"பிரமாதம்!"

"அப்புறம் என்ன," என்றாள், பேனாவை எடுத்துக்கொண்டு.

அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

குழுவில் படங்களோடு எழுதினேன். எதை எடுக்க வேண்டும், எதைத் தைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக. தோல் பட்டையையும் குஷனையும் எல்லாரும் கொண்டாடினார்கள். ஒலி மாற்றத்தைச் செய்து பார்த்த இருவர், "சார், ரொம்ப ஷார்ப்பா இருக்கே?" என்று கேட்டார்கள். உங்கள் ஆம்ப்ளிஃபயர் மட்டம், உங்கள் பாட்டு மட்டம் என்று நீளமாகப் பதில் எழுதினேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மழுங்கிய ஒலி பழகிவிட்டது என்றும் சேர்த்தேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாவலூரில் ஓர் அடுக்குமாடியின் பொது அறையில் குழுவினர் சந்திப்பதாக ஏற்பாடு. குழுவை நடத்துகிறவர் தனியாக எனக்கு போன் செய்து, "சார், நீங்க கண்டிப்பா வரணும், அந்த ஹெட்பேண்டை எல்லாரும் போட்டுப் பார்க்கணும்னு சொல்றாங்க" என்றார். காலை ஆராதனை முடிந்து சாப்பிட்டுவிட்டு, மனைவியை வண்டியின் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினேன். அவள் வர வேண்டியதில்லை. என்னை யாரோ மதித்து அழைத்திருக்கிறார்கள், அதை அவள் பார்க்கட்டும் என்று நான்தான் வற்புறுத்தினேன்.

நீள மேசையில் விதவிதமான ஹெட்போன்கள். என்னுடையது நடுவில். ஒவ்வொருவராக எடுத்து மாட்டினார்கள். முதலில் முகம் மலரும். தோல் பட்டையைத் தொட்டுப் பார்ப்பார்கள். பாட்டு ஓடத் தொடங்கியதும் புருவம் சுருங்கும். கழற்றிவிட்டு என்னிடம் கட்டைவிரலைக் காட்டுவார்கள். "செம கம்ஃபர்ட் சார்!" நான் பிரஸ் ஷாப்பில் புதிதாக வருகிறவனுக்குச் சொல்வது போல, படலம் எப்படி அசைகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு இடப்பக்கம் ஒரு கூட்டமாக நான்கைந்து பேர் நின்று பேசிச் சிரித்தார்கள். நானும் அவர்களைப் பார்த்துச் சிரித்தேன். ஒருவர் என்னைப் பார்த்துக்கொண்டே ஏதோ சொன்னார். நன்றி என்று தலையசைத்தேன். சிரிப்பு கூடியது. மனைவி சமோசாத் தட்டோடு அவர்களுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். சமோசாவைத் தொடவேயில்லை.

திரும்பி வரும்போது நல்ல உற்சாகத்தில் இருந்தேன். மேடவாக்கம் தாண்டியதும் அவள் பின்னாலிருந்து தோளைத் தட்டினாள். திரும்பினேன். நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினாள். செம்பாக்கம் ஏரிக்குக் கொஞ்சம் முன்னால் ஓர் இளநீர்க் கடை ஓரமாக வண்டியை நிறுத்தினேன். இளநீர் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

"இனிமே அங்க போகாதீங்க," என்றாள்.

"ஏன்?"

"போகாதீங்கன்னா விடுங்களேன்."

"என்ன ஆச்சுன்னு சொல்லு."

என் வலப்பக்கம் வந்து நின்றுகொண்டாள். கடைக்காரர் காதில் விழக் கூடாது என்று கொஞ்சம் தள்ளி நிற்கப் பார்த்தாள். நான் "என்ன? என்ன?" என்று கேட்டதும் அதைக் கைவிட்டு, பாடம் நடத்துகிற குரலில் சொன்னாள்.

"அந்தப் பசங்க உங்களைத்தான் சொல்லிச் சிரிச்சாங்க. காது கிழியுது மச்சான்னு ஒருத்தன். அங்கிளுக்கு காது அவுட்டு, அவருக்குக் கேக்குற மாதிரி ட்யூன் பண்ணி வெச்சிருக்காருன்னு இன்னொருத்தன். நீங்க அவனைப் பார்த்துத்தான் தலையாட்டுனீங்க."

இளநீர்க் கடைக்காரர் வெட்டிய காயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"பொய்," என்றேன். அவள் எதற்கும் பொய் சொல்கிறவள் இல்லை. ஆனாலும் அந்தச் சொல்தான் வந்தது. பிறகு கேட்டேன், "உனக்கு? உனக்கு எப்படி இருந்துச்சு அந்த ஹெட்போன்?"

"ஊசி குத்துற மாதிரி."

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்றது? பாப்பா பிளஸ் டூ படிக்கும்போதே உங்களுக்குக் காது மந்தம். ரெண்டு தடவை டாக்டரைப் பார்க்கலாம்னு சொன்னேன். உனக்குத்தான் முணுமுணுக்கிற பழக்கம், வாயைத் திறந்து பேசுன்னு சொன்னீங்க. அப்புறம் விட்டுட்டேன்."

"பாப்பாவுக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும்ங்க."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த 'எல்லாருக்கும்' என்கிற சொல்லைத்தான் ஓட்டிக்கொண்டு வந்தேன். கொயர் பாடாத நாட்களில் சர்ச்சில் அவள் எப்போதும் என் வலப்பக்கமே உட்காருவாள். என் இடது காது இன்னும் மோசம் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. முன்பு நானும் கொயரில் கடைசி வரிசையில் நின்று பாடியவன்தான். ஒரு பண்டிகைக்கு முன்னால் என்னை அழைத்து, காணிக்கைப் பை எடுத்துச் செல்லப் பொறுப்பான ஆள் வேண்டும், நீங்கள்தான் சரி என்றார்கள். பெருமையாக ஏற்றுக்கொண்டு கொயரை விட்டேன். மகள் போனில் பேசுவதைக் குறைத்து மெசேஜ் மட்டும் அனுப்பத் தொடங்கியபோது, வேலை அதிகம் போல என்று நினைத்தேன். என்னைச் சுற்றி இத்தனை பேர் கூடிப் பேசி ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள், மிகவும் அன்பாக. அந்த அன்பு எவ்வளவு சௌகரியமானது, அவர்களுக்கு. ஒரு கசப்பான வார்த்தையைச் சொல்லும் வேலை மிச்சம்.

அந்த வாரம் நாங்கள் இருவரும் தேவைக்கு மேல் பேசிக்கொள்ளவில்லை.

குரோம்பேட்டையில் ஒரு காது பரிசோதனை நிலையத்துக்குத் தனியாகப் போனேன். கண்ணாடி வைத்த ஓர் அறைக்குள் உட்கார வைத்து ஒரு ஹெட்போனை மாட்டினார்கள். அதை மாட்டியதுமே என் கை தானாக மேலே போனது. குஷன் வெடித்து உதிர்ந்திருந்தது, பட்டை தாறுமாறாக இறுக்கியது. இப்படி ஒன்றை மாட்டிக்கொண்டு எப்படி ஒழுங்காகக் கேட்பது என்று மனதுக்குள் சண்டை போட்டேன். சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொல்லியிருந்தார்கள். முதலில் அடிக்கடி அழுத்தினேன். பிறகு நீண்ட நேரம் எதுவும் வரவில்லை. மெஷின் நின்றுவிட்டது என்று நினைத்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அந்தப் பக்கம் இருந்த பெண் ஒவ்வொரு பொத்தானாக நிதானமாக அழுத்திக்கொண்டேதான் இருந்தார்.

"கனமான சத்தமெல்லாம் உங்களுக்கு நல்லாவே கேக்குது சார். மேல் ஸ்தாயிதான் போயிடுச்சு," என்றார் வெளியே வந்ததும். "ஆள் பேசறது கேக்கும். ஆனா என்ன பேசறாங்கன்னு தெளிவா விழாது. காதுல ஏதாவது சத்தம் வந்துகிட்டே இருக்கா?"

"வீட்டைச் சுத்தி சிள்வண்டு ஜாஸ்தி மேடம்."

"மத்தியானத்துலயுமா?"

ட்யூப் லைட் சோக்கு என்று ஒரு வருஷம், சிள்வண்டு என்று பல வருஷம் நான் நம்பி வந்த சத்தம் என் தலைக்குள் இருந்தது.

"என்ன வேலை பார்த்தீங்க?"

"பிரஸ் ஷாப்."

"ஓ," என்றார். அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை. "ஃபேக்டரில வருஷா வருஷம் காது டெஸ்ட் எடுத்திருப்பாங்களே?"

எடுத்தார்கள். ஒரு வேன் வரும். அதை ஷாப்பின் சுவர் ஓரமாகத்தான் நிறுத்துவார்கள், பிரஸ் இறங்கும்போதெல்லாம் வேனே அதிரும். உள்ளே போனதும் ஹெட்போனை மாட்டுவார்கள், இரண்டு மூன்று தடவை தலையாட்டச் சொல்வார்கள், "நார்மல், அடுத்த ஆள்" என்பார்கள். நார்மல் என்று அவர்கள் சொன்னதுகூட எனக்குக் கேட்டதா, அல்லது ஒவ்வொரு வருஷமும் அதையே சொல்வார்கள் என்பதால் உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டேனா என்று இப்போது தெரியவில்லை. காதில் வைக்கும் ரப்பர் அடைப்பான்கள் இருந்தன. வெளிநாட்டு ஆட்கள் பார்வையிட வரும் நாளில் கொடுத்து, அவர்கள் கார் கேட்டைத் தாண்டியதும் திரும்ப வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள்.

"இது திரும்ப வருமா மேடம்?"

"வராது சார். மிஷின் வெச்சுக்கலாம். சீக்கிரமே வெச்சிருந்தா இன்னும் நல்லா பழகியிருக்கும்."

ஊரப்பாக்கத்தில் என்னோடு ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்தவர் இருக்கிறார். அந்த ஊர்க்காரரே. நிலத்தை விற்ற பணத்தில் ஸ்டேஷன் பக்கம் தண்ணீர் கேன் கடை போட்டிருக்கிறார். அவரையாவது எச்சரிப்போம் என்று போனேன். கேன்களை அடுக்கிக்கொண்டிருந்தார். முதுகுப் பக்கமிருந்து கூப்பிட்டேன். திரும்பவில்லை. தோளைத் தொட்டதும் துள்ளித் திரும்பினார்.

"காது டெஸ்ட் எடுத்தேன்," என்றேன். "போயிடுச்சாம்."

"இன்னா?"

"காது! போயிடுச்சாம்!"

"அட, இப்பத்தான் தெரிஞ்சுதா உனக்கு?" என்று அவர் கத்தினார். சாலையில் போன ஒரு பெண் நின்று பார்த்துவிட்டுப் போனாள், சண்டை என்று நினைத்திருப்பாள். "எனக்கு எவ்ளோ வருசமா கொய்ய்னுகினே கீது தெரியுமா? ஷாப்ல இருந்தவன் எவனுக்குப்பா காது கேக்குது?"

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உன் காது போச்சுன்னு எனக்குத் தெரியும். என் காது போச்சுன்னு உனக்கு இன்னாத்துக்குத் தெரில? பக்கத்துலதானே நின்ன?"

உண்மைதான். நாங்கள் இருவரும் வாழ்நாள் முழுக்கக் கத்தியே பேசியவர்கள். அதில் யாருக்குக் கேட்கவில்லை என்று யார் கண்டது.

"கம்பெனில போய்க் கேக்கப் போறேன்," என்றேன்.

"எதுக்கு இப்பப் போய் பேஜார் பண்றே? சேர்றப்பவே உன் காது அப்டித்தான்னு சொல்லிடுவான். போய் நிழல்ல குந்து." சொல்லிவிட்டு, ஒரு சோடாவை உடைத்துக் கையில் கொடுத்தார்.

ஆனாலும் போனேன். கேட்டில் இருந்த செக்யூரிட்டிகள் எல்லாம் புதுமுகங்கள். வந்த காரணத்தைச் சொல்லிக் காத்திருந்தேன். உள்ளே வரலாம் என்று தகவல் வந்ததும், செக்யூரிட்டி ஒரு தலைக்கவசத்தை நீட்டினார். அதோடு, உறை பிரிக்காத ஆரஞ்சு நிறக் காது அடைப்பான் ஒரு ஜோடி.

"இதைப் போட்டுகினுதான் உள்ள போவணும் சார். ரூல்ஸ்."

அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சிரிக்கவும் வரவில்லை, திட்டவும் வரவில்லை.

மனிதவளத் துறை அறையில் என்னைச் சந்தித்தவருக்கு என் மகள் வயது இருக்கும். மரியாதையாகத்தான் பேசினார். எனக்கு எதிரில் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபடி பேசியதால் பாதி விழவில்லை. இரண்டு தடவை திரும்பச் சொல்லச் சொன்னேன். மூன்றாம் தடவை ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: அந்தக் காலத்தில் டெஸ்ட் எடுத்த ஏஜென்சி இப்போது இல்லை, பழைய ரிப்போர்ட் எதுவும் எங்களிடம் இல்லை, நீங்கள் வெளியேறும்போது எந்தக் கோரிக்கையும் இல்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். கடைசியில், "டீ சாப்பிடுறீங்களா சார்?" என்றார். அது மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. வேண்டாம் என்று எழுந்து வந்தேன்.

கோடை விடுமுறை தொடங்கியிருந்தது. மனைவி வீட்டில் இருந்தாள். ஒரு நாள் காலையில் அந்த ஹெட்போனை மேசையில் வைத்துப் பிரித்துக்கொண்டிருந்தேன். அவள் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்ன பண்றீங்க?"

"தூக்கிப் போடலாம்னு பார்க்கிறேன். அதுக்கு முன்னாடி எடுத்ததையெல்லாம் திரும்ப வெச்சுப் பார்க்கிறேன்."

"வெச்சுக் குடுங்க. நான் கேட்டுச் சொல்றேன்."

அப்படித்தான் அது நடந்தது. நான் ஃபெல்ட் துணியை வட்டமாக வெட்டி ஒட்டுவேன். அவள் மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்பாள். "இன்னும் குத்துது." வேறு துணி, கொஞ்சம் தடிப்பு. "இப்ப அடைச்ச மாதிரி இருக்கு." நடுவில் சின்ன ஓட்டை. "இது பரவால்ல. ஆனா ஆண் குரல் டப்பாக்குள்ள இருந்து வருது." பின்பக்கத்தில் நுரையை முழுதாக வைக்காமல் ஓரத்தில் மட்டும் வளையமாக வைத்தேன். குஷனில் நான் குத்திய துளைகளை உள்பக்கம் துணி வைத்துத் தைத்தேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன், புருவம் எப்போது சுருங்குகிறது, எப்போது தளர்கிறது என்று. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் முகத்தை நான் அவ்வளவு நேரம் உற்றுப் பார்த்ததில்லை. அதில் பிரியம் எதுவும் இல்லை. அளவுகோலைப் பார்ப்பது போலத்தான் பார்த்தேன். அவளுக்கும் அது தெரியும்.

ஒரு நாள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பாட்டு முடிந்தது, அடுத்த பாட்டும் முடிந்தது. கழற்றவில்லை. அவளுடைய உதடுகள் ஆல்டோ பாகத்தை முணுமுணுக்கத் தொடங்கின. வெகு நேரம் கழித்துக் கழற்றி, "இப்ப சரியா இருக்குங்க. இதுக்கு மேல தொடாதீங்க," என்றாள்.

வாங்கி மாட்டிப் பார்த்தேன். தோல் பட்டை தலையில் பூப்போல உட்கார்ந்தது. குஷன் காதைச் சுற்றி மெத்தென்று பொருந்தியது. உள்ளே கனத்த போர்வையைப் போர்த்திக்கொண்டு யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். வயலின் வில்லின் சரசரப்பு இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. சத்தத்தைக் கூட்டினேன். போர்வைதான் பெரிதாகியது.

"எப்படி?" என்று கேட்டாள்.

"பிரமாதம்," என்றேன்.

புதிய முறையைக் குழுவில் எழுதினேன். பழையதைச் செய்ய வேண்டாம், அது தவறு என்று ஒரே வரியில் குறிப்பிட்டேன். காரணம் எழுதவில்லை. நாலு பேர் செய்து பார்த்தார்கள். "சார், வேற லெவல்!" "விலை கூடின ஹெட்போனுக்கே சவால்!" என்று வந்தன. அன்று சிரித்தவர்களில் ஒருவரும் எழுதியிருந்தார். குழுவை நடத்துகிறவர் அதை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி மேலே குத்தி வைத்தார். அடுத்த சந்திப்புக்கு அழைத்தார். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். பாராட்டுகளை மனைவியிடம் காட்டினேன். "நல்லதுதானே," என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனாள். கேட்டது உன் காது என்று எழுதட்டுமா என்று நான் கேட்கவில்லை. அவளும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

ஹெட்போன் இப்போது அவளிடம் இருக்கிறது. மத்தியானங்களில் மாட்டிக்கொண்டு கொயர் பாட்டுகளைப் பழகுகிறாள். அந்த வகை ஹெட்போனில் ஒலி வெளியேயும் கசியும், பக்கத்தில் இருப்பவருக்கும் பாட்டு கேட்கும் என்பார்கள். நான் கை நீட்டினால் தொடும் தூரத்தில்தான் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

சில மாதங்கள் கழித்து, மகள் வற்புறுத்தி, காதுக்கு மிஷின் வாங்கினோம். காதுக்குப் பின்னால் ஒரு சின்ன முருங்கை விதை போல. அதை வைத்துக்கொண்டு ஹெட்போன் மாட்டினால் விசில் அடிக்கிறது. ஆக அந்தக் கதையும் முடிந்தது. முதல் நாள் வீடு முழுக்க ஒரே கொடுமையாக இருந்தது. எவர்சில்வர் தட்டு, பிளாஸ்டிக் பை, பேப்பரைத் திருப்பும் சத்தம், செருப்பு தேய்வது, எல்லாமே பிரஸ் ஷாப் போல. பழகிவிடும் என்று குரோம்பேட்டையில் காதைப் பரிசோதித்த பெண் சொல்லியிருந்தார். உண்மையிலேயே பழகிக்கொண்டுதான் வந்தது.

இரண்டாவது வாரம் என்று நினைக்கிறேன். மனைவி அடுக்களையில் இருந்தாள். நான் முன்னறையில் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தேன். வழக்கம்போலக் கூப்பிட்டேன்.

"இங்க பாரேன், என் கண்ணாடி எங்க?"

பதில் வருவதற்கு முன்னால், அடுக்களையிலிருந்து ஒரு மூச்சு கேட்டது. அடிவயிற்றிலிருந்து இழுத்து, பல்லிடுக்கு வழியாக விட்ட மூச்சு. அதைத் தொடர்ந்து, தணிந்த குரலில், "ஆண்டவரே, எத்தனை தடவை." பிறகு அவளுடைய வழக்கமான பெரிய குரல், பாடம் நடத்துகிற குரல், பொறுமையாக, அன்பாக: "டிவி மேல இருக்குங்க!"

கண்ணாடி அங்கேதான் இருந்தது. எடுத்துப் போட்டுக்கொண்டேன். அன்று சாயங்காலத்துக்குள் அதே மூச்சை இன்னும் பல தடவை கேட்டேன். நான் கூப்பிட்டபோதெல்லாம் அது முதலில் வந்தது. குரல் அதற்குப் பின்னால் வந்தது. பாப்பா பிளஸ் டூ படித்த காலத்திலிருந்தே அப்படித்தான் வந்துகொண்டிருந்திருக்கும்.

இதை அவளிடம் நான் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறேன்.